கோடியக்கரையில் எடுத்த நான்கு படங்கள்: கடைசிப் படத்தில் இருப்பது என்ன கடல்புறா?

வடவாறு | ஞாயிறு, இரவு 8.50

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்து ஆள் நான். இத்தனை நாளும் வயல் பறவைகளோடு என் ஆசை தீர்ந்துவிடும். மடையான், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை எல்லாவற்றையும் வரப்பில் நின்றபடியே பார்த்துவிடலாம். யாரிடமும் போய் இது என்ன என்று கேட்க வேண்டி வந்ததில்லை. போன மாதம் ஒரு 8×42 பைனாகுலர் வாங்கினேன். வாங்கியது சும்மா கிடக்கக் கூடாதே என்று இன்று விடியற்காலையில் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோடியக்கரைக்குப் போனேன்.

பூநாரை பார்ப்பதுதான் திட்டம். அது எங்கோ தொலைவில் கானலுக்குள் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் உப்பளத்து ஓரச் சேற்றுத் திட்டில் இருநூறு முந்நூறு கடல்புறாக்கள் உட்கார்ந்திருந்தன. எல்லாம் காற்றைப் பார்த்தபடி ஒரே திசையில். "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்றேன். மகள் ஆறாம் வகுப்பு. பைனாகுலரை என்னிடமிருந்து பிடுங்கி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இல்லப்பா, அந்த ரெண்டுக்கு மட்டும் கழுத்து நீளம்" என்றாள். அந்த இரண்டும்தான் நான்காவது படத்தில் இருப்பவை.

என் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். கையேட்டில் பழுப்புத்தலை, கருந்தலை என்று இரண்டு வகை இருக்கிறது. படத்தில் தலை பழுப்பாகவும் கறுப்பாகவும் இருக்கிறது. நான் பார்த்ததில் ஒன்றுக்குக்கூடத் தலையில் நிறம் இல்லை. எல்லாம் வெள்ளைத் தலை, காதுப் பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு. அந்த இரண்டுக்கு மட்டும் பொட்டும் இல்லை. என் கண் கோளாறா, கையேட்டுக் கோளாறா?

மீசைஆலா | ஞாயிறு, இரவு 9.35

கண்ணும் சரி, கையேடும் சரி. பருவம்தான் வேறு. அந்தத் தலை நிறம் கூடு கட்டும் காலத்துக்கு உரியது. நம் கரைக்கு அவை வருவது ஐப்பசியில், தலை வெளுத்த பிறகு. திரும்பப் போவது பங்குனியில், தலை மறுபடி நிறம் ஏறும்போது. நடுவில் நாம் பார்ப்பதெல்லாம் வெள்ளைத் தலைகள். பெயர் முழுக்கத் தலையில் இருக்கிறது, தலையோ நமக்குப் பயன்படாது. முதலில் இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும்.

இன்னொரு வேடிக்கை. கருந்தலையின் தலை உண்மையில் கறுப்பே இல்லை, சாக்லேட் பழுப்பு. பழுப்புத்தலைக்கு அதைவிட வெளிறிய பழுப்பு, ஓரத்தில் மட்டும் இருண்ட கரை. நிஜமாகவே கறுத்த தலை வேறொன்றுக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் முதல் படத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அது கடல்புறாவே இல்லை, ஆலா. வாலைப் பாருங்கள், லேசாகப் பிளந்திருக்கிறது. இறக்கை குறுகி நீண்டு கத்தி போல இருக்கிறது. கடல்புறாவுக்கு வால் நுனி வட்டம், இறக்கை அகலம், அலகு நுனி கொஞ்சம் வளைந்திருக்கும். கடல்புறா தண்ணீரில் வாத்து மாதிரி மிதந்து நீந்தும். ஆலா பெரும்பாலும் பறந்துகொண்டே இருக்கும், கரையில்தான் உட்காரும். ஆலாவை நீங்கள் உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். சேறு கலக்கும்போது வயலுக்கு மேலே தாழ்வாகப் பறந்து பூச்சி பிடிக்குமே சாம்பல் நிறத்தில், அது மீசை ஆலா. நான் வைத்திருக்கும் பெயர் அதுதான்.

ஓயாமல் அலைகிறவனை "ஆலாய்ப் பறக்கிறான்" என்கிறோமே, அது இந்தப் பறவையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

நாகைக்கடல் | ஞாயிறு, இரவு 10.10

நாங்கள் கடல்புறா என்று சொல்வதில்லை. எல்லாமே கடல்காக்கா. கடல்புறா என்பது பஸ் ஏறி வந்து பார்க்கிறவர்கள் சொல்கிற பெயர், கோபித்துக்கொள்ள வேண்டாம். இதன் குணத்துக்குக் காக்காதான் பொருந்தும். விசைப்படகு துறைமுகத்துக்குள் நுழையும்போது பின்னால் நூறு நூற்றைம்பது கத்திக்கொண்டு வரும். வலையிலிருந்து கழித்துப் போடுகிற காரப்பொடி மீனும் நண்டும் தண்ணீரில் விழுவதற்கு முன்பே தூக்கிவிடும். ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்று பிடுங்கும். புறா இப்படியா செய்யும்?

அப்புறம், ஆலாவுக்கும் இதற்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியும், பெயர்தான் கலந்து வரும். ஆலா மேலிருந்து தலைகுப்புற விழுந்து மீன் குத்தும். அது குத்துகிற இடத்தில் நெத்திலிக் கூட்டம் இருக்கும், வலையைத் திருப்புவோம். காக்காவை நம்பி வலை விட முடியாது. அது நம்மை நம்பித்தான் வருகிறது.

பூண்டி_டீச்சர் | ஞாயிறு, இரவு 10.40

நாகைக்கடல் சொல்வதில் பழமையும் இருக்கிறது. சங்கத்து நெய்தல் பாட்டுகளில் "சிறுவெண்காக்கை" என்று ஒரு பறவை திரும்பத் திரும்ப வரும். கடற்கரையில் மீன் தின்று கழிக்கரையில் தங்கும் வெள்ளைக் காக்கை. எங்கள் பள்ளியில் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் "வெள்ளைக் காக்கா ஏது டீச்சர்?" என்று சிரிப்பார்கள். ஒருமுறை வேதாரண்யம் கூட்டிப்போய்க் காட்டிய பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. அது ஆலாவாகவும் இருக்கலாம் என்கிறவர்கள் உண்டு. என் ஓட்டு கடற்காகத்துக்கு.

மீசைஆலா | திங்கள், காலை 6.15

பெயர்ப் பட்டியல்களிலும் இப்போது கடற்காகம் என்றுதான் எழுதுகிறார்கள். நான் இரண்டையும் கலந்துதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி படம் 2, 3. இறக்கை விரித்த நேரத்தில் எடுத்திருக்கிறீர்கள், நல்ல காரியம் செய்தீர்கள். உட்கார்ந்திருக்கும் படம் நூறு இருந்தாலும் இறக்கை விரிந்த ஒன்றுக்கு ஈடாகாது.

படம் 2 பழுப்புத்தலை. இறக்கையின் வெளிநுனி முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் நுனிக்குச் சற்று முன்னால் வெள்ளைப் புள்ளி ஒன்றிரண்டு தெரிகிறதா? கண்ணாடிச் சில்லு பதித்த மாதிரி இருக்கும். அதுதான் அடையாளம். கருந்தலைக்கு இது நேர் மாறாக இருக்கும். இறக்கையின் முன்விளிம்பில் மணிக்கட்டிலிருந்து நுனிவரை ஒரு வெள்ளை ஆப்பு. கறுப்பு, பின்விளிம்போடு மெல்லிய கரை போட்டது போல மட்டும். எட்டி நின்று பார்த்தால் கருந்தலை பறக்கும்போது வெள்ளை பளிச்சென்று முன்னால் ஓடும். பழுப்புத்தலை பறந்தால் விரல் நுனியை மையில் முக்கியது போல இருக்கும்.

நம் கரையில் பழுப்புத்தலைதான் பெரும்பான்மை. நாகை துறைமுகத்தில் நூறு பார்த்தால் கருந்தலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பழுப்புத்தலை வருவது லடாக், திபெத் போன்ற மேட்டு நிலத்து ஏரிகளிலிருந்து. நம் நாட்டுக்குள்ளேயே சோ மோரிரி ஏரியில் கூடு கட்டுகிறது. அந்த ஏரி 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடியக்கரை கடல் மட்டம். தை மாதம் காரப்பொடிக்குச் சண்டை போடுகிற பறவை ஆனி மாதம் பனிமலை ஏரியில் குஞ்சு வளர்க்கிறது. இதற்கு முறையான அறிவியல் பெயர் வைத்தவர் ஜெர்டன், 1840-இல். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்தவர்.

படம் 3-இல் நடுவில் இருப்பது கருந்தலை. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு இருப்பதும் கருந்தலையாக இருக்கலாம்.

சந்தேகப்பேர்வழி | திங்கள், காலை 7.20

அந்த இடது ஓரத்துப் பறவை கருந்தலை இல்லை. முதல் வருடப் பழுப்புத்தலை. குஞ்சு பருவம் முடியாத பழுப்புத்தலைக்கு இறக்கை நுனியில் அந்த வெள்ளைச் சில்லு வந்திருக்காது, முழுக் கறுப்பாகவே இருக்கும். அதனால்தான் குழப்பம். வாலில் கறுப்புப் பட்டை தெரிகிறது பாருங்கள்.

மற்றபடி மீசைஆலா அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்றைச் சேர்க்கிறேன். கண். வளர்ந்த பழுப்புத்தலைக்குக் கண் வெளிறி இருக்கும், முறைத்துப் பார்ப்பது மாதிரி ஒரு முகம். கருந்தலைக்குக் கண் கறுப்பு, சாதுவான முகம். கிட்டே உட்கார்ந்திருந்தால் இறக்கை விரிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் இளம் பழுப்புத்தலைக்கும் கண் கறுப்புதான் என்பதால் கண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டி ஏமாந்தவன் நான். கும்பகோணத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்க் "கருந்தலை எட்டு" என்று பட்டியலில் எழுதி, அப்புறம் படத்தைப் பார்த்து எட்டையும் அடித்தேன்.

வடவாறு | திங்கள், இரவு 9.05

இவ்வளவு பேர் பதில் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை. கடையை மூடிவிட்டு வந்து மகளோடு சேர்ந்து எல்லாவற்றையும் படித்தேன். படம் 2-இல் வெள்ளைச் சில்லை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

சரி, நான்காவது படம்? அதே இரண்டு பறவைகள் எழும்பிய நேரத்தில் எடுத்த இன்னொரு படமும் கிடைத்தது, கொஞ்சம் மங்கல். படம் 5 என்று சேர்த்திருக்கிறேன். முன்விளிம்பு வெள்ளையாக இருக்கிறது. அப்படியானால் கருந்தலையா? ஆனால் கண் வெளிறித் தெரிகிறதே. அக்கா சொன்ன இறக்கையும் சந்தேகப்பேர்வழி சொன்ன கண்ணும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

மீசைஆலா | திங்கள், இரவு 9.30

ஒத்துப்போகாததுதான் விடை. கருந்தலை இறக்கை, பழுப்புத்தலைக் கண், பொட்டு இல்லாத தலை, நீண்ட கழுத்து. இது மெல்லலகுக் கடற்காகம். உங்கள் மகளுக்கு என் சார்பில் ஒரு கடலை மிட்டாய் வாங்கிக்கொடுங்கள்.

நெற்றியைப் பாருங்கள். மற்ற இரண்டுக்கும் நெற்றி உருண்டை. இதற்கு நெற்றியிலிருந்து அலகுவரை ஒரே சரிவு. அலகு நீளமாகத் தெரிவதற்கு இந்தச் சரிவும் ஒரு காரணம். உட்கார்ந்திருக்கும்போது கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் மற்றவற்றோடு கலந்துவிடும். ஏதாவது சத்தம் கேட்டு நிமிர்ந்தால்தான் கழுத்து வெளியே வரும். குஜராத் கரையில் இது நிறைய உண்டு. நம் பக்கம் குறைவு, அதனால் கூட்டத்துக்குள் ஒன்றிரண்டு இருந்தால் யாரும் கவனிப்பதில்லை.

சந்தேகப்பேர்வழி | திங்கள், இரவு 10.15

அவசரப்பட வேண்டாம். படம் 5 மங்கல். உப்பளத்தில் கீழிருந்து வெளிச்சம் அடிக்கும், வெள்ளை இன்னும் வெளுக்கும், கறுத்த கண்கூட வெளிறித் தெரியும். கருந்தலையிலும் காதுப் பொட்டு எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை, சிலவற்றுக்குத் தேய்ந்து நூல் மாதிரி இருக்கும். கழுத்து நீளம் என்பது பறவை நிற்கும் நிலையைப் பொறுத்தது. நானும் கழுத்தை நீட்டினால் நீளம்தான்.

இல்லை என்று சொல்லவில்லை. இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்கிறேன்.

அளத்துமண் | செவ்வாய், காலை 5.40

தம்பிமார்களே, நான் அகத்தியம்பள்ளி. முப்பத்தைந்து வருடம் அளத்தில் வேலை பார்த்தவன். பறவைப் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் சொல்கிற கழுத்து நீண்டதைப் பார்த்திருக்கிறேன். அது மற்றவை போல வரப்பில் நின்று பிச்சைக்குக் காத்திருக்காது. கடல் தண்ணீர் முதலில் வந்து தேங்குகிற பெரிய பாத்தியில் இறங்கி நீந்திக்கொண்டே கழுத்தை முன்னால் நீட்டிக் கொத்தும். அந்தப் பாத்தியில் தண்ணீர் இன்னும் முற்றியிருக்காது, பொடி மீனும் இறாலும் இருக்கும். அடுத்தடுத்த பாத்திக்குப் போகப் போக உப்பு ஏறும், மீன் செத்துவிடும். கடைசிப் பாத்தியில் ஒன்றும் இருக்காது, உப்புதான். ஆகையால் எந்தப் பறவை எந்தப் பாத்தியில் நிற்கிறது என்று பாருங்கள், பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் அளம் முழுக்க ஒரே தண்ணீர். தை பிறந்து வெயில் ஏறினால்தான் பாத்தி கட்டுவோம், தண்ணீர் மட்டம் குறையும், பறவை நெருங்கும். மாசிதான் நல்ல நேரம். கஜா புயல் வந்த வருடம் (2018 நவம்பர்) அளமெல்லாம் கடல் சேறு ஏறிக் கிடந்தது. பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் நாங்கள் நின்றோம். இந்தப் பறவைகள் மட்டும் எதுவும் நடக்காதது போல அந்தச் சேற்றில் வந்து உட்கார்ந்திருந்தன.

மீசைஆலா | செவ்வாய், காலை 6.30

ஐயா, நீங்கள் சொன்னதைவிடப் பெரிய அடையாளம் வேண்டாம். கழுத்தை நீட்டிக்கொண்டு நீந்தி இரை பிடிப்பது மெல்லலகின் வழக்கமே. துறைமுகக் கழிவுக்கு அது அதிகம் அலைவதில்லை.

சந்தேகப்பேர்வழிக்கு: மங்கல் படம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வழி இருக்கிறது. மெல்லலகுக்கு எந்தப் பருவத்திலும் தலை கறுக்காது. கூடு கட்டும்போதும் வெள்ளைத் தலைதான். பங்குனி முதல் வாரத்துக்குப் பிறகு அதே இடத்துக்குப் போனால் பழுப்புத்தலையும் கருந்தலையும் தொப்பி போட்டிருக்கும். அப்போதும் வெறுந்தலையோடு நிற்பது எது என்று பார்க்கலாம்.

சந்தேகப்பேர்வழி | செவ்வாய், காலை 8.00

அப்போதும் முதல் வருடக் குஞ்சுகள் வெறுந்தலையோடு நிற்குமே?

மீசைஆலா | செவ்வாய், காலை 8.10

நிற்கும். வாலில் கறுப்புப் பட்டையும் இறக்கை மேல் பழுப்புத் திட்டும் இருந்தால் குஞ்சு. சுத்தமான சாம்பல் முதுகும் வெள்ளை வாலும் இருந்து, தலையும் வெள்ளை என்றால் என்ன சொல்வீர்கள்?

சந்தேகப்பேர்வழி | செவ்வாய், காலை 8.25

அப்போது கடலை மிட்டாய்க்கு நானும் பங்கு போடுகிறேன்.

கொள்ளிடமுனை | செவ்வாய், இரவு 8.15

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பழையாறு பக்கம். கொள்ளிடம் கடலில் சேர்கிற முகத்துவாரத்து மணல்திட்டில் மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு பெரிய கடல்காக்காக்கள் சில உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்குக் கண்ணைச் சுற்றிக் கரி அப்பியது போல, அலகு மஞ்சள், நுனியில் கறுப்பும் சிவப்பும். இன்னொன்றுக்கு உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி. மூன்றாவதற்கு முதுகு அடர் சாம்பல், கால் மஞ்சள். மூன்றும் மூன்று வகையா?

மீசைஆலா | செவ்வாய், இரவு 9.20

முதலாவது பல்லாசுக் கடற்காகம், பெரிய கருந்தலை என்றும் சொல்வார்கள். நான் முன்னால் சொல்லாமல் விட்டது இதைத்தான். நிஜமாகவே மை போன்ற கறுப்புத் தலை இதற்குத்தான். மற்றவற்றுக்கு முன்பே இதற்குத் தலையில் நிறம் ஏறிவிடும், தை மாசியிலேயே முழுக் கறுப்போடு பார்க்கலாம். இறக்கை விரித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல். பல்லாசு என்ற இயற்கையியலாளர் 1773-இல் இதை விவரித்தார். ரஷ்யாவின் தெற்கிலிருந்து மங்கோலியா வரை உள்ள ஏரிகளில் கூடு கட்டும்.

மூன்றாவது அநேகமாக ஹியூக்லின் கடற்காகம், வடரஷ்யத் துந்திர நிலத்திலிருந்து வருவது. முதுகு அடர்த்தியாக இருப்பதும் பிடரியில் பழுப்புக் கீற்று இருப்பதும் அதற்குச் சாதகம். இதே குடும்பத்தில் கசகஸ்தான் புல்வெளியிலிருந்து வருவதற்கு முதுகு இன்னும் வெளிறி இருக்கும். அளவெடுத்துச் சொல்கிற வித்தியாசம் இல்லை, வெயிலைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும்.

இரண்டாவதைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். சின்னக் கடற்காகங்கள் இரண்டு வருடத்தில் வளர்ந்த உடை பெற்றுவிடும். பெரியவை நான்கு வருடம் எடுக்கும், ஒவ்வொரு வருடமும் வேறு சட்டை. பழுப்புப் புள்ளி போட்ட முதல் வருடத்துப் பெரிய கடற்காகம் உலகம் முழுக்கப் பறவை பார்க்கிறவர்களைச் சண்டை போட வைத்திருக்கிறது. "பெரிய கடற்காகம், இளம் பறவை" என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள். தவறான பெயரை எழுதுவதைவிட அது மேல்.

நாகைக்கடல் | செவ்வாய், இரவு 9.50

அந்தப் பெரிய கரிக்கண்ணு ஆளைத் தெரியும். சின்னக் காக்கா பிடித்த மீனை மேலிருந்து வந்து பிடுங்கிக்கொண்டு போகும். எங்கள் பெரியப்பா அதைப் பார்த்து "வந்துட்டாரு வட்டிக்காரரு" என்பார்.

பூண்டி_டீச்சர் | புதன், இரவு 7.30

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பிள்ளைகளை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் கூட்டிப்போனோம். காயலுக்குள் நுழைந்ததும் கூட வந்த வேறொரு குழு மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து வீச ஆரம்பித்தது. உடனே முப்பது நாற்பது கடற்காகங்கள் படகைச் சுற்றிக்கொண்டன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நானும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ஒரு பறவை பிளாஸ்டிக் உறையைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளில் யாரோ கைதவற விட்ட உறை அது.

உணவு போடுவது சரியா தவறா என்று இங்கே பெரிய வாதம் வேண்டாம். உப்பும் எண்ணெயும் அதற்கு ஆகாது என்பது எனக்குப் புரிந்தது. அடுத்த முறை போகும்போது பொட்டலம் எதையும் படகில் ஏற்றப் போவதில்லை.

என் கேள்வி வேறு. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே பைனாகுலர். எதை மட்டும் பார்க்கச் சொல்லலாம்?

சந்தேகப்பேர்வழி | புதன், இரவு 8.05

இறக்கை நுனி. படகைச் சுற்றிப் பறக்கும்போது வெறுங்கண்ணுக்கே தெரியும். மை தொட்ட நுனியா, வெள்ளை முன்விளிம்பா என்று ஆளுக்குப் பத்துப் பறவையை எண்ணிக் கோடு போடச் சொல்லுங்கள். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நாட்களில் செய்தால் பட்டியலாகவும் பதிவு செய்துவிடலாம்.

நாகைக்கடல் | புதன், இரவு 8.40

துறைமுகத்துக்கு வந்தால் மிக்சர் இல்லாமலே காட்டலாம் டீச்சர். விடியற்காலையில் படகு வரும் நேரம். ஆனால் ஏப்ரலுக்கு முன்னால் வந்துவிடுங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் எங்களுக்குத் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும். அதற்குள் இவையும் ஊருக்குக் கிளம்பிவிடும். போகாமல் தங்குகிற நாலைந்து மட்டும் வேலை இல்லாதவன் மாதிரி அலையும்.

வடவாறு | ஞாயிறு, மார்ச் 23, மாலை 6.30

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பரீட்சை, கடை வேலை, அறுவடை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் என்று அலைச்சல். இன்று காலையில்தான் போக முடிந்தது. வனத்துறைச் சாவடியில் அனுமதி வாங்கிக்கொண்டு ஆறரைக்கு உள்ளே போய்விட்டோம். அளத்துமண் ஐயா சொன்னபடி சேற்றுத் திட்டை விட்டுவிட்டு முதல் பாத்தியைத் தேடிப் போனோம்.

கூட்டம் பாதிகூட இல்லை. எழுபது எண்பது இருக்கும். பெரும்பாலானவற்றுக்குத் தலை ஏறிவிட்டது. சிலவற்றுக்கு முழுப் பழுப்பு, சிலவற்றுக்கு நரை கலந்த தலைமுடி மாதிரி திட்டுத்திட்டாக. போன தடவை பார்த்த அதே பறவைகள்தானா என்று சந்தேகமே வந்துவிட்டது. மகள் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் டை அடிச்சிட்டு வந்திருக்காங்க" என்றாள்.

பாத்தி நடுவில் மூன்று நீந்திக்கொண்டிருந்தன. தலை வெள்ளை. கழுத்தை முன்னால் நீட்டி, முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அரை மணி நேரம் உட்கார்ந்தோம். எழும்பியபோது எடுத்த படங்கள் 6 முதல் 11 வரை. இந்த முறை மங்கல் இல்லை. வாலில் பட்டை இல்லை. முதுகு சுத்தமான சாம்பல். முன்விளிம்பு வெள்ளை. நெஞ்சில் லேசாக ரோஜா நிறம் வேறு தெரிந்தது, அது வெயிலா நிஜமா என்று தெரியவில்லை.

மீசைஆலா | ஞாயிறு, மார்ச் 23, இரவு 7.10

ரோஜா நிறம் நிஜம். மெல்லலகுக்கு இந்தப் பருவத்தில் அது உண்டு.

அளத்துமண் | ஞாயிறு, மார்ச் 23, இரவு 7.45

நான் சொன்ன ஆள் இவர்தான்.

சந்தேகப்பேர்வழி | ஞாயிறு, மார்ச் 23, இரவு 8.30

ஒப்புக்கொள்கிறேன், மெல்லலகுதான். பாப்பாவுக்குக் கடலை மிட்டாய் என் பங்கு பாக்கி.

ஆனால் படம் 3-இல் இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறதே, அது முதல் வருடப் பழுப்புத்தலை என்று நான் சொன்னதற்கு அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.